முதல் உறைபனிக்கு முன்: ரொறன்ரோ வளவில் இலையுதிர்கால வேலைகள்

செப்ரெம்பர் கடைசி வரை பாகல் காய்த்துக்கொண்டே இருக்கும். பயிற்றங்கொடியில் பூ நிற்கும். தக்காளிக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது என்று தோன்றும். பிறகு மேகமும் காற்றும் இல்லாத ஓர் இரவு வரும். காலையில் போய்ப் பார்த்தால் பந்தல் முழுவதும் வெந்த கீரை போலத் தொங்கும். ஒன்ராறியோவில் புதிதாகத் தோட்டம் செய்கிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதைப் பார்த்துவிடுகிறார்கள். நாட்காட்டியை நம்புவதுதான் காரணம். இங்கே இலையுதிர்கால வேலைகளை இரவு வெப்பநிலையே முடிவு செய்கிறது. 12 பாகைக்கு ஒரு வேலை, 2 பாகைக்கு ஒரு வேலை, சைபருக்குக் கீழே போவதற்குள் இன்னொன்று. இந்தக் கட்டுரையும் அந்த இறங்குவரிசையில்தான் போகிறது.

முதலில் ஒரு வெப்பமானி

இரவின் ஆகக் குறைந்த வெப்பநிலையைப் பதிந்து வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, செடியின் உயரத்தில், சுவரில் ஒட்டாமல் கட்டுங்கள். கைபேசி சொல்லும் அளவு உங்கள் வளவின் அளவு அல்ல. வானிலை நிலையங்கள் தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில் அளக்கின்றன. குளிர்காற்று கனமானது, தரையில் போய்த் தேங்கும். அதனால் '3 பாகை' என்று அறிவித்த இரவிலும் தரையோடு கிடக்கும் இலையில் உறைபனி பிடிக்கலாம்.

இடமும் முக்கியம். ஏரிக்கரையை ஒட்டிய ரொறன்ரோவில் முதல் உறைபனி ஒக்ரோபர் கடைசி வரை தள்ளிப்போவதுண்டு. ஏரியை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் மார்க்கம், பிரம்ரன் போன்ற இடங்களில் ஒக்ரோபர் முதற்பாதியிலேயே வந்துவிடும், சில ஆண்டுகளில் அதற்கும் முன்னால். ஏரிக்கரைப் பக்கம், ஸ்காபரோவில் இருக்கும் உறவினர் இன்னும் காய் பிடுங்குகிறார் என்பதற்காக நீங்களும் காத்திருக்க வேண்டாம்.

12 பாகை: கறிவேப்பிலை உள்ளே வரும் நேரம்

இரவு தொடர்ந்து 12 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் கறிவேப்பிலை உள்ளே வர வேண்டும். பெரும்பாலும் அது செப்ரெம்பர் நடுப்பகுதி. உறைபனி வரும்வரை வைத்திருந்து ஒரே இரவில் அள்ளிக்கொண்டு ஓடுவதுதான் வழமையான பிழை. செடி சாகாமல் தப்பினாலும், குளிரில் இருந்து சூட்டுக்கும் வெயிலில் இருந்து இருட்டுக்கும் ஒரே நாளில் மாறிய அதிர்ச்சியில் இலை முழுவதையும் கொட்டும்.

உள்ளே எடுப்பதற்கு ஒரு கிழமை முன்பே சாடியை முழுவெயிலில் இருந்து சுவரோர நிழலுக்கு நகர்த்துங்கள். குறைந்த வெளிச்சத்துக்கு அது பழக வேண்டும். இந்த ஒரு கிழமைதான் பூச்சி வேலைக்கும் உரிய காலம். செடியைச் சரித்துப் பிடித்து, இலைகளின் அடிப்பக்கத்தை நீர்த்தாரையால் நன்றாகக் கழுவுங்கள். தண்டில் பழுப்பு நிறத்தில் மேடு மேடாக ஒட்டியிருப்பவை செதில் பூச்சிகள். அவை தண்ணீருக்கு அசையாது, நகத்தாலோ பழைய பல் தூரிகையாலோ சுரண்டி எடுக்க வேண்டும். இலைக்கணுவில் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. இலை வெளிறி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப்பேன்.

சாடி மண்ணுக்குள் எறும்பும் மற்றப் பூச்சிகளும் குடியிருக்கும். சாடியை விளிம்பு வரை தண்ணீர் வாளிக்குள் இறக்கி 15 நிமிடம் வைத்தால் அவை மேலே வந்துவிடும். பிறகு நன்றாக வடியவிட்டு, மேல்மண் ஓர் அங்குலத்தை நீக்கிப் புதிய மண் போடுங்கள். அதன்பின் கடையில் விற்கும் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலை, போத்தலில் எழுதியுள்ள அளவில், இலையின் இரு பக்கமும் படத் தெளியுங்கள். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளிக்க வேண்டும். சோப்பு உயிருள்ள பூச்சியைத்தான் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. முதல் தெளிப்போடு நிறுத்தியவர் வீட்டில் நவம்பரில் பூச்சி திரும்பி நிற்பதற்கு அதுதான் காரணம். பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்து ஊற்றும் பழக்கம் நம்மவரிடம் நிறைய உண்டு. எண்ணெய்ப்பிசுக்கை நீக்கச் செய்த திரவம் இலையின் மெழுகையும் சேர்த்து நீக்கி இலையைக் கருக்கும். சில டொலரைப் பார்த்து ஐந்து வருடச் செடியை இழக்க வேண்டாம்.

உள்ளே தெற்குப் பார்த்த யன்னல்தான் நல்லது. ஹீற்றர் காற்று வரும் துவாரத்துக்கு நேரே வைக்கக் கூடாது. காய்ந்த சூடான காற்றில் சிலந்திப்பேன் பெருகும். அடிக்கடி திறக்கும் கதவடியும் கூடாது, யன்னல் கண்ணாடியில் இலை முட்டவும் கூடாது. டிசம்பரில் இங்கே பகல் 9 மணித்தியாலம்தான். யன்னல் வெளிச்சம் போதாது என்றால் எல்ஈடி விளக்கொன்றைச் செடிக்கு ஓர் அடி மேலே கட்டி, நாளுக்கு 12 முதல் 14 மணித்தியாலம் எரியவிடுங்கள். கையால் போட்டு அணைத்தால் நாலு நாளில் மறந்துவிடும், நேரமானி ஒன்றில் செருகிவிடுங்கள்.

குளிர்காலத்தில் கறிவேப்பிலையைக் கொல்வது குளிர் அல்ல, தண்ணீர். இலை உதிரத் தொடங்கியதும் 'காய்கிறது' என்று நினைத்து நாளாந்தம் ஊற்றுவார்கள். உறக்கத்தில் இருக்கும் வேர் தண்ணீரை உறிஞ்சாது, ஈரத்தில் கிடந்து அழுகும். விரலை ஒன்றரை அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, அங்கே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நவம்பர் முதல் பெப்ரவரி வரை உரம் வேண்டாம். இலை எல்லாம் கொட்டி மொட்டையாக நின்றாலும் வீசிவிடாதீர்கள். தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் உயிர் இருக்கிறது, மார்ச் மாதத்தில் துளிர்க்கும்.

இடம் போதாமல் கிளை வெட்ட வேண்டி வந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். பெரிய வெட்டு வேலை பெப்ரவரி கடைசிக்கானது. வெட்டிய இலைகளைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துணியில் உலர்த்தி, பையில் போட்டு உறைபெட்டியில் வைக்கலாம். தாளிக்கும்போது உறைந்தபடியே எண்ணெயில் போடுங்கள். இளக விட்டால் கறுத்துவிடும்.

முருங்கை, மல்லிகை, மிளகாய், வாழை

முருங்கைக்கு யன்னல் தேவையில்லை. குளிர் ஏறியதும் இலை தானாகவே கொட்டும். தண்டை இரண்டு மூன்று அடியில் வெட்டி, 10 முதல் 15 பாகை இருக்கும் பேஸ்மென்ட் மூலையில் விடுங்கள். மாதத்துக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். அதற்கு மேல் ஊற்றினால் தண்டு அடியிலிருந்து மெதுமெதுவென்று அழுகிக்கொண்டு வரும், அதன் பிறகு காப்பாற்ற வழியில்லை.

மல்லிகைக்குக் கறிவேப்பிலைக்குச் செய்ததையே செய்யுங்கள், ஆனால் அது முற்றாக உறங்குவதில்லை, வெளிச்சம் கூடுதலாக வேண்டும். நல்ல மிளகாய்ச் செடி ஒன்றிரண்டை வைத்துக்கொண்டால் அடுத்த வருடம் நாற்று வைத்தவர்களை விட முன்னதாகவே காய் பிடுங்கலாம். முதற் கிளை பிரியும் இடத்துக்குச் சற்று மேலே, ஆறு எட்டு அங்குல உயரத்தில் வெட்டி, மிச்ச இலைகளையும் கிள்ளிவிட்டு, சிறிய சாடியில் புதிய மண்ணில் வையுங்கள். இலை இல்லாத செடியில் பூச்சிக்கு இடமில்லை.

சாடி வாழையின் இலைகளை வெட்டித் தண்டை மட்டும் விட்டு, வீட்டோடு ஒட்டிய கராஜில் காய்ந்த நிலையில் வைக்கலாம். அங்கே சைபருக்குக் கீழே போகாதென்று வெப்பமானி வைத்து உறுதி செய்த பிறகுதான். துளசிக்கு இவ்வளவு பாடுபட வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். 10 பாகைக்குக் கீழே கறுக்கத் தொடங்கும் செடி அது. காய்ந்த கதிரைக் கசக்கி விதை எடுத்து வைத்தால் வசந்தத்தில் ஒரு சிட்டிகைக்கு நூறு நாற்று வரும்.

இன்னும் விதைக்கலாம்

செப்ரெம்பர் முதற்கிழமைக்குள் என்றால் கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி மூன்றையும் விதைத்துவிடலாம். ஜூலையில் விதைத்த கொத்தமல்லி இலை விடுமுன் பூத்துவிடும், இலையுதிர்காலத்துக் குளிரில் நின்று இலையாகவே வளரும். இலேசான உறைபனியையும் தாங்கும். மல்லி விதையை இரண்டாகப் பிளக்கும்படி மெல்ல அழுத்தி, ஓர் இரவு ஊறவைத்து அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். ஒக்ரோபரில் விதைப்பதற்குக் கீரை எதுவும் இல்லை, நாள் குறுகிவிடும்.

2 பாகை: உறைபனி அறிவிப்பு வந்த மாலை

கனடாவின் வானிலைத் திணைக்களம் வளரும் பருவத்தில் உறைபனி எச்சரிக்கை விடும். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே பாகல், புடோல், பயிற்றை, கத்தரி, மிளகாய், தக்காளி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். வெண்டி காய்ப்பது ஏற்கெனவே நின்றிருக்கும். அறிவிப்பு ஓர் இரவுக்கு மட்டும் என்றால், பிறகு பத்து நாள் வெயில் என்றால், மூடிப் பார்ப்பது பயன் தரும். பகலில் மண்ணை நனைத்துவிடுங்கள், ஈரமண் சூட்டைப் பிடித்து வைக்கும். சூரியன் மறையுமுன் பழைய படுக்கை விரிப்பால் தரை வரை மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். தண்டோடு சேர்த்துக் குடை போலக் கட்டினால் பயனில்லை, தரையில் இருந்து எழும் சூடு உள்ளே தங்க வேண்டும். இப்படி இரண்டு மூன்று பாகை கிடைக்கும். பிளாஸ்ரிக் விரிப்பு இலையில் முட்டும் இடமெல்லாம் கருகும். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

பச்சைத் தக்காளியில் பழுக்கக்கூடியதும் உண்டு, பழுக்காததும் உண்டு. முழு அளவு வந்து, அடிப்பக்கம் வெளிறத் தொடங்கிய காய் பழுக்கும். அவற்றைக் கழுவாமல், ஒன்றோடொன்று முட்டாமல் அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஒரு வாழைப்பழத்தையும் வைத்து 18 முதல் 21 பாகையில் விடுங்கள். வெயில் தேவையில்லை, யன்னலோரத்தில் அடுக்குவது அழகுக்குத்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து அழுகியதை எடுத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பச்சைத் தக்காளி பிறகு எத்தனை நாள் வெளியே வைத்தாலும் ருசியாகப் பழுக்காது. சின்னதாக, கல்லுப் போல இருப்பவற்றுக்குச் சட்டிதான் வழி. பருப்போடு போடலாம், துவையல் அரைக்கலாம்.

பூசணியைக் காம்பு மூன்று நாலு அங்குலம் விட்டு வெட்டுங்கள், காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள். காம்பு முறிந்த இடத்தால் அழுகல் உள்ளே போகும். பத்து நாள் சூடான காய்ந்த இடத்தில் வைத்துத் தோல் இறுகிய பிறகு, 10 முதல் 13 பாகையில் வைத்தால் பல மாதம் நிற்கும்.

விதைக்கு விட்ட காய்களை மறந்துவிடாதீர்கள். பாகல் செம்மஞ்சளாகி வெடிக்கும்போதுதான் விதை முற்றியிருக்கும். முழு அளவு வந்த காயை உறைபனிக்கு முன் பறித்து வீட்டுக்குள்ளும் பழுக்க விடலாம். சிவப்புச் சதையைக் கழுவி நீக்கி, நிழலில் இரண்டு கிழமை உலர்த்தி, பேப்பர் உறையில் பெயரும் வருடமும் எழுதிப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். எஃப்1 கலப்பினம் என்று எழுதிய பக்கெட்டில் இருந்து முளைத்தவற்றின் விதையை வைக்காதீர்கள், தாய்ச்செடி போல வராது.

அவரை பற்றி ஒரு சொல். 'நல்லாப் படர்ந்தது, பூத்தது செப்ரெம்பரில்தான், காய்க்குமுன் செத்துப்போச்சு' என்பது ஒவ்வொரு வருடமும் கேட்கும் முறைப்பாடு. உரத்தில் குற்றமில்லை. ஊரில் இருந்து வரும் அவரை இனங்கள் பல, பகல் குறுகினால்தான் பூக்கும். ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் 15 மணித்தியாலத்துக்கும் மேல். அந்தக் கொடி கோடை முழுவதும் பூப்பதற்கான நேரம் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டு இலை விடுகிறது. உங்கள் பந்தலிலோ அயலவர் பந்தலிலோ முன்னதாகப் பூத்த கொடி இருந்தால், அதன் முதற் காய்களையே முற்றவிட்டு விதை எடுங்கள். கடை விதையை விட அதுதான் இந்த மண்ணுக்குச் சரி.

உள்ளி நடும் மாதம்

இலையுதிர்காலத்தில் நட்டு அடுத்த கோடையில் எடுக்கும் பயிர் உள்ளி, புதியவர்களுக்குச் சுலபமான பயிரும்கூட. தெற்கு ஒன்ராறியோவில் ஒக்ரோபர் மாதம் முழுவதும் நடலாம். மண் உறைவதற்கு மூன்று நாலு கிழமை முன்பு என்பது கணக்கு: அதற்குள் வேர் விட வேண்டும், ஆனால் மேலே பெரிதாக இலை விடக் கூடாது. முளை ஓர் அங்குலம் எட்டிப் பார்த்தாலும் பயப்பட வேண்டாம். வசந்தத்தில் நடலாமே என்றால், உள்ளிக்குச் சில கிழமை குளிர் பட்டால்தான் பூடு பல்லாகப் பிரியும். குளிர் படாதது வெங்காயம் போல ஒற்றை உருண்டையாக நின்றுவிடும்.

பலசரக்குக் கடை உள்ளியை நடாதீர்கள். பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வந்த மென்தண்டு இனம் அது, இங்குள்ள குளிருக்குப் பழகாதது, மண்ணில் பல வருடம் தங்கும் நோயையும் கொண்டு வரலாம். செப்ரெம்பரில் உழவர் சந்தைகளில் நடுவில் கெட்டியான பூந்தண்டு விடும் உள்ளூர் வன்தண்டு உள்ளி வரும். 'மியூசிக்' இனம் ஒன்ராறியோவில் பரவலாகக் கிடைப்பது, பல் பெரியது, ஒரு பூட்டில் ஐந்து பல் அளவில் இருக்கும். 4 அடிக்கு 4 அடிப் பாத்தியில் 6 அங்குல இடைவெளியில் 64 பல் நடலாம், அதற்கு 13 பூடு வாங்கினால் சரி.

கடந்த மூன்று நாலு வருடத்தில் வெங்காயமோ உள்ளியோ லீக்ஸோ வைக்காத, தண்ணீர் தேங்காத இடத்தைத் தேர்ந்து, இரண்டு அங்குலம் கொம்போஸ்ட் பரப்பிக் கொத்திக் கலந்துவிடுங்கள். நடும் அன்றோ முதல் நாளோதான் பூட்டைப் பிரிக்க வேண்டும், முன்கூட்டியே பிரித்தால் அடித்தட்டு காய்ந்து வேர் விடுவது பிந்தும். தோல் உரிக்கக் கூடாது. பெரிய பல்லை நடுங்கள், சின்னதைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனம் வராதுதான், ஆனால் சின்னப் பல் சின்னப் பூட்டைத்தான் தரும். தட்டையான பக்கம் கீழே, கூர்நுனி மேலே, நுனிக்கு மேல் இரண்டு அங்குல மண். தலைகீழாக நட்டால் முளை வளைந்து வரும், பூடு கோணலாகும்.

நட்டுத் தண்ணீர் விட்ட பின், நாலு முதல் ஆறு அங்குலத் தடிப்பில் வைக்கோல் பரப்புங்கள். குளிரைத் தடுப்பதற்கு அல்ல இது. மண் உறைந்தும் இளகியும் மாறி மாறி வரும்போது பல்லை மேலே தள்ளிவிடும், அதைத் தடுப்பதற்கு. வைக்கோல் என்பது கதிர் அடித்த தண்டு. மாட்டுத் தீவனமாக விற்கும் காய்ந்த புல்லை வாங்கிப் போட்டால் அதிலுள்ள விதையெல்லாம் வசந்தத்தில் பாத்தியில் முளைக்கும். மேப்பிள் இலையை முழுதாகப் போட்டாலும் ஈரத்தில் பலகை போல ஒட்டி முளையை அமுக்கும், நறுக்கியது என்றால் போடலாம். ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டை வெட்டி வறுத்துச் சாப்பிடுங்கள், பூடு பெருக்கும். ஜூலையில் கீழ் இலை மூன்று நாலு பழுத்ததும் தோண்டலாம்.

இலை குப்பை அல்ல

மேப்பிள் இலை விழும் மூன்று நாலு கிழமையும் அதைக் கூட்டி, அடைத்து, வீதியோரம் வைப்பதிலேயே கழிந்துவிடுகிறது. அடுத்த மே மாதம் அதே ஆள் கடையில் காசு கொடுத்துக் கொம்போஸ்ட் வாங்குகிறார்.

புல்லின் மேல் மெல்லிய படையாகக் கிடந்தால் புல்வெட்டியை அதன் மேலேயே இரண்டு தரம் ஓட்டுங்கள். தூளாகிப் புல்லுக்குள் இறங்கிவிடும். தடிப்பாகக் கிடந்தால் கூட்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் புல் அழுகும். கூட்டியதை நறுக்கி வெறும் பாத்திகளின் மேல் மூன்று நாலு அங்குலம் பரப்பலாம். மிச்சத்தை மூன்றடி அகலக் கம்பிவலைக் கூண்டில் போட்டு நனைத்துவிட்டால், ஒன்று இரண்டு வருடத்தில் கறுத்த, பொலபொலவென்ற இலைமக்கு கிடைக்கும். இரண்டு பையைக் காயவைத்துக் கராஜில் வைத்திருங்கள். சமையலறைக் கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை மூன்று பங்கு என்பது கொம்போஸ்ட் கணக்கு. கோடையில் மரக்கறித் தோல் நிறைய வரும், காய்ந்த இலை தேடினாலும் கிடைக்காது, அப்போதுதான் தொட்டி நாறும்.

மேப்பிள் இலையில் தார் தெளித்தது போலக் கரும்புள்ளி இருக்கும். அது ஒரு பூஞ்சணம், மரக்கறிச் செடிக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் கறுப்பு வால்நட் மரத்தின் இலை வேறு. அதில் உள்ள நச்சு தக்காளியையும் கத்தரியையும் வாட்டிவிடும், பாத்திக்குக் கொண்டு வராதீர்கள்.

வெளியே வைப்பதென்றால் காகிதப் பையில்தான், பிளாஸ்ரிக் பையை நகரசபை எடுக்காது. ரொறன்ரோவில் ஒரு பை 20 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. மழைக்கு முன் வைத்தால் அடி கிழிந்துவிடும், எடுக்கும் நாள் காலையில் வையுங்கள். வீதிக்குத் தள்ளிவிடுவது வேண்டாம், வடிகால் வாய் அடைத்து உங்கள் வாசலிலேயே தண்ணீர் நிற்கும்.

பந்தலும் பாத்தியும்

கருகிய கொடிகளை ஈரமில்லாத நாளில் அறுத்து எடுங்கள். வலையைக் கட்டாயம் கழற்ற வேண்டும். 'வருகிற வருடமும் அதே இடம்தானே' என்று விட்டால், ஈரப்பனியும் உறைமழையும் வலையில் ஒட்டி, பாரத்தில் பந்தல்கால் சரியும். பயிற்றை, அவரைச் செடிகளைத் தரையோடு வெட்டி வேரை மண்ணிலேயே விடலாம். தக்காளி அப்படியல்ல. கரும்புள்ளியும் கருகலும் வந்த செடியை வேரோடு எடுத்து நகரசபைப் பையில் போடுங்கள். வீட்டுக் கொம்போஸ்ட் தொட்டி அந்த நோயைக் கொல்லும் அளவுக்குச் சூடாவதில்லை. நிலத்தில் விழுந்த பழங்களையும் பொறுக்கிவிடுங்கள்.

கொத்துவதற்கு முன் ஒரு பிடி மண்ணை அமுக்கிப் பாருங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் தொடாதீர்கள். இங்குள்ள களிமண்ணை ஈரத்தில் கொத்தினால் காயும்போது செங்கல்லாகும். கொத்தாமலே இரண்டு அங்குலம் கொம்போஸ்ட் போட்டு இலையால் மூடிவிட்டாலும் போதும், மண்புழு மிச்ச வேலையைச் செய்யும்.

சைபர்: வெளிக்குழாய்

குளிருக்கு முன் வெளிக்குழாயை அடைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். தோட்ட வேலைகளில் இது ஒன்றுதான் பிழைத்துப்போனால் வீட்டைத் தாக்குவது. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும், செப்புக்குழாய் அதைத் தாங்காது. இரவு சைபருக்குக் கீழே நாலைந்து பாகை போகத் தொடங்குமுன், ஒக்ரோபர் பிற்பகுதியில் இருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் செய்துவிடுங்கள். அதற்கு முன்னதாக ஒரு வேலை: சீடர் வேலி, பைன், அந்த வருடம் நட்ட மரங்கள் எல்லாவற்றுக்கும் ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். குளிர்காலம் முழுவதும் காற்று அவற்றின் இலையை உலர்த்தும், உறைந்த மண்ணில் இருந்து வேரால் எடுக்க முடியாது.

1. ஹோஸ் குழாயைக் கழற்றி, நீட்டிப் பிடித்துத் தண்ணீரை வடியவிட்டுச் சுருட்டி உள்ளே வையுங்கள். உறையாத வகைக் குழாய் என்று விற்பதிலும் ஹோஸைக் கழற்றாமல் விட்டால் தண்ணீர் வடியாது, அதுவும் வெடிக்கும்.

2. பேஸ்மென்டில், வெளிக்குழாய்க்கு நேர் பின்சுவருக்கு அண்மையில், அதற்கென்று ஓர் அடைப்பு வால்வு இருக்கும். சக்கரப்பிடி என்றால் வலம்சுழியாக இறுக்குங்கள். நெம்புப்பிடி என்றால் குழாய்க்குக் குறுக்காகத் திருப்புங்கள்.

3. வெளியே போய்க் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை ஓடவிடுங்கள்.

4. திரும்ப உள்ளே வந்து, வால்வின் பக்கத்தில் உள்ள சின்ன மூடியைத் தளர்த்துங்கள். கீழே ஒரு கோப்பை பிடியுங்கள். காற்று உள்ளே போனதும் இடையில் நின்ற தண்ணீர் வடியும். பிறகு மூடியை இறுக்குங்கள். பலர் விட்டுவிடும் படி இதுதான்.

5. வெளிக்குழாயைத் திறந்தபடியே விடுங்கள்.

ஒரு மணித்தியாலம் கழித்துப் போய்ப் பாருங்கள். இன்னும் சொட்டினால் உள் வால்வு சரியாக மூடவில்லை. அந்தச் சொட்டே உறைந்து அடைத்து, பின்னால் தண்ணீர் சேரும். குளிருக்கு முன் குழாய்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். வெடித்த குழாய் குளிர்காலத்தில் சத்தம் போடாது. மே மாதம் வால்வைத் திறக்கும் அன்றுதான் சுவருக்குள் தண்ணீர் ஓடும். அதனால் வசந்தத்தில் திறக்கும்போது ஒருவர் வெளியே, ஒருவர் பேஸ்மென்டில் நின்று மெல்லத் திறவுங்கள்.

மழைத்தொட்டியையும் வெறுமையாக்கிக் கவிழ்த்து வைத்து, கூரைக் குழாயை வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓடும்படி திருப்புங்கள். மண்சாடிகளை மண்ணோடு வெளியே விட்டால் வெடிக்கும், கொட்டிக் கழுவி உள்ளே அடுக்குங்கள்.

மிச்ச வேலைகள்

புல்லைக் கடைசியாக இரண்டரை அங்குலத்தில் வெட்டுங்கள். நீளமாக விட்டால் பனிக்கு அடியில் படுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒக்ரோபரில் இரவில் யாரோ புல்லைப் பாய் சுருட்டுவது போல உரித்திருந்தால், ஸ்கங்கும் ரக்கூனும் புல்லின் வேரைத் தின்னும் வெண்புழுவைத் தேடியிருக்கின்றன. வெண்புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை (nematodes) ஓகஸ்ட் கடைசி, செப்ரெம்பரிலேயே விட வேண்டும், குளிர்ந்த மண்ணில் அவை வேலை செய்யாது. களைகொல்லி தேடி அலைய வேண்டாம், அழகுக்காகக் களைகொல்லியோ பூச்சிமருந்தோ அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரலில் இருந்து தடை செய்திருக்கிறது.

டுலிப் குமிழ்களை ஒக்ரோபரில் ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் நடலாம், அணில் தோண்டாமல் இருக்க மேலே கோழிவலை விரித்து மண் போடுங்கள். டஃபடிலை அணில் தொடாது. டேலியாவையும் கல்வாழையையும் உறைபனி கறுக்கவைத்த பிறகு தோண்டி, மண் தட்டி, உறையாத இடத்தில் வைக்க வேண்டும்.

ரோசாவை இப்போது ஒட்ட வெட்டாதீர்கள், வெட்டினால் புதுத் துளிர் விட்டு அது குளிரில் கருகும். இரண்டு மூன்று கடும் உறைபனி கழிந்து, நவம்பர் நடுப்பகுதியில், ஒட்டுப்போட்ட முடிச்சை மூடும்படி பத்து அங்குல உயரத்துக்கு மண் குவியுங்கள். மண்ணை வேறிடத்தில் இருந்து கொண்டு வாருங்கள், செடியடியில் சுரண்டினால் வேர் வெளியே தெரியும். லைலக்கிலும் பழைய கிளையில் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவிலும் அடுத்த வருட மொட்டு இப்போதே இருக்கிறது, கத்தரிக்கோலைத் தூர வையுங்கள்.

இளம் பழமரங்களின் தண்டைச் சுற்றிக் கம்பிவலை வளையம் போடுங்கள், அடியை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் புதையுங்கள். எலி கீழே இருந்து வரும், முயல் மேலே இருந்து. இரண்டடிப் பனி விழுந்து இறுகிவிட்டால் முயல் அதன் மேல் ஏறி நின்றுகொண்டுதான் பட்டையைக் கடிக்கும். ஆகவே வலையின் உயரத்தைத் தரையில் இருந்து அளக்காமல், உங்கள் வளவில் வழக்கமாகப் பனி நிற்கும் மட்டத்தில் இருந்து ஒன்றரை அடி என்று அளந்து வெட்டுங்கள்.